முரண்டு பிடிக்கும் கியர்



2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை நீங்கள் அறிவீர்கள். அதன் முற்கால வண்டிகளில் கியர்த்தண்டு ஸ்டியரிங்கின் அருகே இருக்கும். கையின் அசைவு கம்பிகள், மூட்டுகள் வழியே கியர்ப்பெட்டியைச் சென்றடையும்.

என்னிடமும் பழைய கார் ஒன்று இருந்தது. ஓரிரவு, நோயுற்ற மனைவியைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கையில் கியர் விழ மறுத்தது. பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். கரகரவென்ற ஒலியோடு வண்டி நின்றுவிட்டது. வழிப்போக்கர் ஒருவர் ஆட்டோ பிடித்துத் தந்ததால் பிழைத்தோம்.

மறுநாள் அம்பத்தூர் மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: “இன்ஜினை நிறுத்திட்டு கியர் போட்டுப் பார்த்தீங்களா, சார்?”

விடை அதிலேயே அடங்கியிருந்தது. இன்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் இறுகினால், குறை பெரும்பாலும் மூட்டுகளில்: உலர்ந்த கிரீஸ், தேய்ந்த புஷ். நின்றிருக்கையில் எளிதாக விழுந்து, ஓடுகையில் மட்டும் இறுகினால், கிளச்சு முழுமையாக விலகவில்லை. ஆகவே சுழலும் பற்சக்கரங்கள் இணைய மறுக்கின்றன. என் வண்டியில் நேர்ந்தது இரண்டாவது. கிளச்சைச் சரிசெய்ததும் கியர் விரலசைவுக்கே இணங்கியது.

சில வாரங்களாகவே கிளச்சு மிதி வழக்கத்தினும் ஆழமாக இறங்கிற்று, நான்தான் பொருட்படுத்தவில்லை. ‘ஏன் என்று கேள்’ என வகுப்பில் ஆண்டுக்கணக்கில் போதித்த நான், அன்று கேளாமல் தள்ளினேன். நீங்கள் முதலில் கேளுங்கள்.