வைரியின் வேட்டை

தில்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களிலும், மரங்கள் நிறைந்த குடியிருப்புகளின் கொல்லைப்புறத்தில் ஒரு வேட்டைப் பறவை வாழ்கிறது. அதன் பெயர் வைரி. வல்லூறு என்றும் கூறுவர். வடஇந்திய மக்கள் சிக்ரா என்பர். அது புறாவின் அளவே உடையது; ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் இருக்கும். ஆண் வைரியின் முதுகு சாம்பல் நிறமானது, கண்கள் சிவந்திருக்கும். பெண் பறவை ஆணைவிடச் சற்றுப் பெரியது.

பருந்து வானில் வட்டமிட்டு இரை தேடும். வைரியின் வழக்கம் வேறு. அது வேம்பு, மா முதலிய மரங்களின் இலைச்செறிவுக்குள் அசையாது அமர்ந்திருக்கும். கீழே ஓணானோ சிட்டோ அணிலோ கவனம் தவறும் நொடிக்காகக் காத்திருக்கும். அந்நொடி வாய்த்ததும் தாழப் பறந்து பாய்ந்து, கூரிய நகங்களால் பற்றும். குட்டையான சிறகுகளும் நீண்ட வாலும் கிளைகளுக்கிடையே விரைந்து திரும்ப உதவுகின்றன. ஆனால், நெடுந்தொலைவு துரத்திப் பிடிப்பது அதற்கு எளிதன்று. ஆகவே, பிற உயிர்களின் கண்ணில் படாதிருப்பதே அதன் வலிமை.

சிறு உயிர்களோ அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. முதலில் கண்ட அணில் வாலை உதறிக்கொண்டு இடைவிடாது கீச்சிடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிடும். கரிச்சானோ துணிவுடன் துரத்தவே செய்யும். ஓர் இனத்தின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு மற்ற இனங்களும் ஒளிந்துகொள்ளும். மறைவிடம் வெளிப்பட்டபின் அங்கிருந்து பயனில்லை. வைரி பெரும்பாலும் வெறுங்காலுடன் வேறு மரத்திற்குப் பறந்துவிடும்.

தோற்றத்தில் வைரியை ஒத்த அக்காக்குயிலைக் கண்டும் சிறு பறவைகள் அஞ்சுவதுண்டு. அதனை வீண் அச்சம் என்று சொல்லிவிட முடியாது. தவிட்டுக்குருவியின் கூட்டில் கள்ளத்தனமாக முட்டையிடுவது அக்குயிலே!

அணிலைப் பற்றிய வைரியைக் கல்லெறிந்து விரட்டுவோர் உளர். அணிலிடம் இரக்கம் தோன்றுவது இயல்பே. எனினும், வைரி பசிக்காகவே கொல்கிறது. அதற்குக் கல்லைவிடக் கொடியது எலிமருந்து. நஞ்சுண்டு தளர்ந்த எலி எளிதில் அகப்படும். அதனைத் தின்னும் பறவையின் உடலிலும் அந்நஞ்சு சேரும்.

பங்குனி முதல் ஆனி வரை வைரி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். காக்கைக் கூட்டைப் போன்ற அதன் கூட்டில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இருக்கும். ஆண் பறவை இரை கொண்டுவரும். பெண் பறவை அதனைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும்.