கரையில் கிடைத்த உறவு

ஊர் பேர் தெரியாதவரை நம்பாதே என்று சொல்லித்தான் நம்மில் பலரை ஊரிலிருந்து கப்பலேற்றினார்கள். வந்து இறங்கிய இடத்திலோ, ஊர் பேர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை!

அந்தமான் நிக்கோபாரில் 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேர் தமிழர். வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், 1918 முதல் காட்டு வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரர்கள், நிக்கோபாரிகள் என்று கலந்து வாழ்கிறோம். நிக்கோபாரிகள் போன்ற பழங்குடியினரைத் தவிர மற்ற எல்லோருமே கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்தாம். மதுரையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அடுத்த பஸ்ஸில் அத்தை வந்து நிற்பார். இங்கே அத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கு அப்பால். ஆகவே அந்த இடத்தில் யாரோ ஒரு அந்நியர்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

1984 ஜூலையில் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்தார். மூன்று நாள் பயணம், பங்க் வகுப்பு. கடல் குமட்டலில் அம்மா எழுந்திருக்கவே இல்லை. கீழ்ப் படுக்கையிலிருந்த ஒரு ராஞ்சிப் பெரியவர் தம் மூட்டையிலிருந்து பொரியும் எலுமிச்சம்பழமும் எடுத்து நீட்டினார். பாஷை தெரியாது. "பேட்டி, பேட்டி" என்பார், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வேலை லிட்டில் அந்தமானில், ஹட்பேயில். பருவமழைக் காலத்தில் கடல் சீறினால் தீவுகளுக்கிடையே படகு நின்றுவிடும் என்பது வாசகர்கள் அறிந்ததே. ஹாடோ துறையில் நாங்கள் இறங்கியபோது அப்பா அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. அபர்தீன் பஜாரில் கடை கடையாக விசாரித்து, இராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் டீக்கடையில் எங்களை ஒப்படைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தக் கடைக்காரர் வீட்டில் நான்கு இரவு தங்கினோம். அப்பா வந்ததும் அம்மா பணம் நீட்டினார். கடைக்கார அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாங்க வந்தப்போ ஒரு வங்காளி அம்மா வீட்டுல பதினோரு நாள் சோறு தின்னோம். அவுங்களுக்கு நாங்க என்னத்தக் குடுத்தோம்? எடுத்து உள்ள வைங்க அக்கா."

அம்மா இதை மறக்கவில்லை. அதற்குள் நாங்கள் போர்ட் பிளேருக்கே குடிவந்திருந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கார் நிக்கோபார், கச்சால் தீவுகளிலிருந்து வந்தவர்களால் இங்குள்ள பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களும் கடலின் அந்த அடியை வாங்கியவர்களே. அம்மா ஒரு அண்டா சாம்பார் சாதம் கிளறிக்கொண்டு போனார். நிக்கோபாரிப் பாட்டிகள் மரியாதைக்காக ஒரு வாய் தின்று வைத்துவிட்டார்கள்! மறுநாள் மீனும் தேங்காயும் கொண்டுபோனார்.

இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறோம். 2020-இல் கடலடிக் கேபிள் வந்தபின் எல்லாவற்றையும் போனே சொல்லிவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பொரி வாங்கித் தின்னும் அவசியம் யாருக்கும் நேர்வதில்லை. போர்ட் பிளேரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் பருவமழையில் படகு நிற்பது மட்டும் மாறவில்லை. ஃபீனிக்ஸ் பே துறையில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். வெளித்தீவுகளிலிருந்து நோயாளியோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் பல நேரம் பணம்கூடத் தேவைப்படுவதில்லை. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், வரிசையில் நிற்க ஒரு ஆள், டாக்டர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்ல ஒரு வாய், இவைதாம் கிடைப்பதில்லை.

அப்பா அந்த ராஞ்சிப் பெரியவரைப் பார்த்ததே இல்லை. தோளில் ஒரு பச்சைக் கம்பளி இருந்தது என்று அம்மா சொன்னது ஒன்றுதான் அடையாளம். ஆனாலும் கப்பல் வரும் நாளில் ஹாடோ பக்கம் போனால், கடைசிவரை, இறங்கும் கூட்டத்தில் அந்தப் பச்சைக் கம்பளியைத்தான் தேடிக்கொண்டு நிற்பார்.