ஒரு மிடறு நீருக்கு முன்

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் மூச்சடக்கி மூழ்குதல் நம் ஊருக்குப் பழகிய கலை. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உடல் மூச்சை அடக்கவே செய்கிறது: குரல்வளை மேலெழ, குரல் நாண்கள் இணைய, மூச்சுப்பாதை ஏறத்தாழ ஒரு நொடி மூடிக்கொள்கிறது.

பக்கவாதத்திற்குப் பின் இம்மூடல் தாமதமாகலாம். அப்போது விரைந்தோடும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். சிலருக்கு இருமலும் வராது. அருகிலிருப்போர் அறியவும் மாட்டார்கள். நா வறண்ட தந்தைக்கு ஒரு வாய் நீர் புகட்டத் துடிக்கும் உள்ளத்தை நாங்கள் அறிவோம். எனினும் விழுங்குதிறன் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருங்கள். மாத்திரையும் வாய்வழி வேண்டா. செவிலியர் காட்டும் முறையில் வாயைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைத்திருங்கள்.

பேச்சுக்கும் விழுங்கலுக்கும் உறுப்புகள் பெரும்பாலும் பொதுவானவை. எனவே இச்சிகிச்சையும் பேச்சுப் பயிற்சி வல்லுநரின் பொறுப்பாகும். கரண்டியளவு நீர் கொடுத்தபின் ‘ஆ’ என ஒலிக்கச் செய்து அவர் செவிமடுப்பார். குரல் ஈரமாய்க் களகளத்தால், நீர் குரல் நாண்களருகே தங்கியிருக்கலாம். ஐயமிருப்பின் எக்ஸ்ரே காட்சியிலோ மூக்குவழி உள்நோக்கியிலோ பார்ப்போம். பின்னர் அவர் உணவின் பதத்தை மாற்றுவார். மோவாயைத் தாழ்த்தி விழுங்கவோ, மூச்சடக்கி விழுங்கி உடனே இருமவோ பழக்குவார். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குத் தீங்காகலாம். தாமாக எவரும் முயல வேண்டா.

வீடு திரும்பியபின், நோயாளர் முழு விழிப்பில் இருக்கும்போது மட்டும், நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு கரண்டியால் ஊட்டுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவைக்க வேண்டா. உணவுக்குப் பின் குரல் மாறினாலோ, காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தாலோ உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள்.