சேறு சொல்லும் வெள்ளக் கணக்கு

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் ஆழிப்பேரலை இலங்கையின் கீழைக்கரையை அடைந்தது. அங்குள்ள வாகரைக் கரை பல இடங்களில் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாய் ஒடுங்கிய மணல்நிலம். அன்று நீர் எவ்வளவு உயர்ந்தது, எதுவரை ஏறியது என்பதைக் கண்டவர் வாயால் அறியலாம். கண்டவர் எவரும் எஞ்சாத பழம்பேரலைகளை அறிவது எப்படி?

அதற்குச் சான்று களப்பின் அடியிலேயே உண்டு. அமைதியான நீரில் நுண்சேறு ஆண்டாண்டாய்ப் படிகிறது. பேரலை மணற்றிட்டைக் கடந்து புகும்போது கடல்மணலையும் சங்கு, சிப்பித் துண்டுகளையும் வாரிவந்து அச்சேற்றின்மேல் விரிக்கிறது. குழாயை அழுத்தி எடுத்த மண்ணுருளையை நெடுக்காய்ப் பிளந்தால், கருஞ்சேற்றின் நடுவே வெளிறிய மணற்பட்டை தெரியும். பெரும்பாலும் அதன் அடிவிளிம்பு கூர்மையாய் வெட்டினாற்போல் நிற்கும். நீர் அடிச்சேற்றை அரித்தெடுத்ததன் தடம் அது. பட்டையின் அடியில் பருமணலும் மேலே நுண்மணலும் இருக்கும். ஓட்டம் தளரத் தளரக் கனத்தவை முன்னும் மெல்லியவை பின்னுமாய்ப் படிந்ததே காரணம்.

அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கரகன் களப்பில் ஆய்வாளர் இவ்வாறு எடுத்த உருளைகள் ஏறத்தாழ 7000 ஆண்டு வரலாற்றைக் காட்டின. 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, பேரலைகளுக்கிடையே பெரும்பாலும் சில நூற்றாண்டுகளே கழிந்தன. ஓரிடைவெளி மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீண்டது. ஆகவே, நெடுநாள் அமைதியைக் காப்புறுதியாகக் கொள்ளுதல் தகாது.

மணல் காலத்தைச் சொல்லும். நீரின் ஆழத்தையும் விரைவையும் தேடித்தருவது நீரியக்கவியல் மாதிரி. பேரலையின் விரைவு கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் விரைகிறது. 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றராய்த் தளர்கிறது. பின்னால் வரும் நீர் முன்னதை நெருக்கவே, அலை உயர்கிறது. கடலடி வடிவம், மணற்றிட்டின் உயரம், முகத்துவாரத்தின் அகலம், கண்டற்காடு நீரைத் தடுக்கும் உராய்வு ஆகியவற்றைக் கணினிக்கு ஊட்டி, ஒரு நிலநடுக்கத்தைக் கற்பனை செய்து, அலையை ஓடவிடுகின்றனர். அது களப்பில் மணல் கிடக்கும் எல்லையை எட்டவில்லையெனில் நடுக்கத்தைப் பெரிதாக்கி மீண்டும் ஓடவிடுகின்றனர்.

பனிப்பாறை அணைகள் உடைந்து பாய்ந்த தொல்வெள்ளங்களை அளப்பதும் இவ்வகை மாதிரிகளைக் கொண்டே. வட அமெரிக்காவில் பாறைநிலம் பேரூழி வெள்ளத்தால் அரிக்கப்பட்டதென 1923இல் நிலவியலாளர் பிரெட்சு எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. அவ்வெள்ளத்தின் ஊற்றான மிசூலா பனியேரி வற்றிய தடத்தில் மாபெரும் சரளை அலைமேடுகள் கண்டறியப்பட்ட பின்னரே அக்கருத்து வலுப்பெற்றது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு உலோனாக்கு ஏரி உடைந்து சுங்தாங் அணையை அழித்தது. இத்தகைய ஏரிகளின் கீழ் வாழ்வோருக்கும் பழைய வெள்ளத்தின் அளவே வருமுன் காக்கும் அறிவு.

மணலையும் மாதிரியையும் இணைக்கும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. வெவ்வேறு நடுக்கங்கள் ஒரே எல்லைவரை நீரை ஏற்றக்கூடும். கரையும் முகத்துவாரமும் அன்றிருந்தவாறே இன்றில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளியும் மணலை உள்ளே தள்ளும். ஆயினும் புயல்மணல் பெரும்பாலும் கரையருகிலேயே நின்றுவிடும். பேரலைமணல் தொலைவுவரை விரிந்து கிடக்கும். ஓருருளையை நம்பாமல் களப்பின் குறுக்கே பல உருளைகளை ஒப்பிடுவது அதனாலேயே இன்றியமையாதது.

வாகரைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நோயாளர் செல்லும் மருத்துவமனைக்கும் இடம் தேர்ந்தெடுக்கும்போது, 2004இன் நீரெல்லையை மட்டும் பார்த்தல் போதாது. அதுவே மிகப்பெரிய அலை என்பதற்கு உறுதி இல்லை. களப்புச் சேற்றில் மணல் எட்டிய தொலைவும், மாதிரி காட்டும் நீராழமும் ஒரே வரைபடத்தில் ஏறவேண்டும். அப்பகுதியின் பனிச்சங்கேணிப் பாலம் போன்ற போக்கிடங்களை மக்கள் எவ்வளவு நேரத்தில் கடக்கமுடியும் என்பதும் அவ்வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அறிவியல் கரைவாழ் மக்களுக்குச் செய்யத்தக்க தொண்டு இதுவே.