மூன்றாவது துளை
பழைய வீட்டுக்குத் திரும்பிய கதை – 12

ஓடு மாற்றியாயிற்று. முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போக வழி செய்தாயிற்று. போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் மின்சாரம்.

நான் கேட்டது சின்ன வேலை. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் நிற்பது சமையலறையில், அதற்கான பிளக் இருப்பது கூடத்தில். நடுவே ஒரு நிலைப்படி. ஒயரைப் படியின் குறுக்கே ஆணியடித்து இழுத்துப் போயிருந்தார்கள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சித்திரையில் ஒருநாள் அந்த ஒயரில் கால் தட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். பிளக்கைச் சமையலறைச் சுவருக்கு மாற்றினால் போதும், அரைநாள் வேலை என்று எண்ணி ஒயர்மேன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதினோரு நாள் ஆனது.

அவர் அறுபதைத் தாண்டியவர். மாயவரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தேக்குச் சட்டம் அடித்து ஒயரிங் செய்த தன் தகப்பனாரிடம் தொழில் படித்தவர், உரிமமும் வைத்திருக்கிறார். சமையலறைக்குள் வந்ததும் அவர் சுவரைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் கிடந்த மணையைப் பார்த்தார்.

“இந்த மணை எதுக்கும்மா இங்க கெடக்கு?”

“வெறுங்காலோட நின்னு தொட்டா சுள்ளுங்குதுப்பா. மணை மேல நின்னா ஒண்ணும் பண்றதில்ல.”

“எப்பவுமேவா?”

“எப்பவும் இல்ல. கிரைண்டரோ இஸ்திரிப் பெட்டியோ ஓடுறப்ப, ஈரக்கையா இருந்தா.”

அவர் பையைக் கீழே வைத்தார். “தம்பி, பாயின்ட்ட மாத்தறது அப்புறம். மொதல்ல இதப் பாப்போம்.”

அந்த மணையை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடுமுறைக்கு வரும் குழந்தைகளிடம் “மணை மேல ஏறி நின்னு கதவைத் திற” என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு வீடு ஆபத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டால், ஆபத்து ஒரு மணையின் வடிவில் தரையில் கிடந்தாலும் கண்ணில் படுவதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மெயினை அணைத்துவிட்டு, கூடத்துப் பிளக்கைக் கழற்றினார். மூன்று துளை உள்ள பிளக். கீழே உள்ள இரண்டில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். மேலே உள்ள பெரிய துளைதான் எர்த். அதற்கான முள் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். சாதனத்துக்குள் மின்சாரம் கசிந்து அதன் உலோக உடம்புக்கு வந்துவிட்டால், நம் கை வழியாகப் போகாமல் பூமிக்குப் போவதற்கு அது ஒன்றுதான் வழி.

எங்கள் பிளக்கில் அந்த மூன்றாவது துளைக்கு வெளியிலிருந்து ஒயரே வரவில்லை. அதற்குப் பதில் இரண்டு அங்குலத் துண்டு ஒயர் ஒன்றை நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த் முனையில் முறுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் காலத்தில், யார் செய்ததோ. எர்த் இல்லாத வீட்டில் எர்த் இருப்பதுபோலக் காட்டும் வேலை.

இதில் உள்ள கொடுமையை அண்ணன் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நியூட்ரல் நல்லபடியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது வழியில் எங்காவது அறுந்தால், ஃபேஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபிரிட்ஜின் மோட்டார் வழியாக வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு ஒயரின் வழியே ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்து நிற்கும். ஃபிரிட்ஜில் எந்தப் பழுதும் வேண்டியதில்லை. 230 வோல்ட் கதவுக் கைப்பிடியில் காத்துக்கொண்டிருக்கும்.

“அறுந்துபோகல. அறுந்துக்கிட்டிருக்கு. அதான் சுள்ளுங்குது” என்றார்.

அதை நிரூபித்தும் காட்டினார். கொல்லையில் ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அதிலிருந்து ஒரு ஒயரைக் கூடத்துக்கு இழுத்துவந்தார். மெயினைப் போட்டுவிட்டு, அந்த ஒயருக்கும் பிளக்கின் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். ஒன்றிரண்டு வோல்ட். இஸ்திரிப் பெட்டியைப் போடச் சொன்னார். எண் 20-ஐத் தாண்டியது. நியூட்ரலின் பாதையில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து தடுக்கிறது, சுமை ஏறினால் அங்கே மின்னழுத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். அம்மாவின் ஈரக்கை இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தது அதைத்தான்.

அந்த இணைப்பைத் தேடியதில்தான் வீட்டின் வரலாறு வெளியே வந்தது.

பைகாராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின்சாரம் வரத் தொடங்கியது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957-ல் அமைந்தது. எங்கள் வீட்டுக்கு 1961-ல் கரண்ட் வந்ததாக அப்பா சொல்வார். அன்று போட்டது தேக்குச் சட்ட ஒயரிங். இரண்டு விரல் அகலத்துக்கு வார்னிஷ் பூசிய சட்டம், அதன்மேல் நாலு விரற்கடைக்கு ஒரு கிளிப், கிளிப்புக்குள் ரப்பர் உறையிட்ட இரண்டு செம்புக் கம்பிகள். கூடத்தில் இரண்டு விளக்கு, ரேழியில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ரேடியோவுக்கு ஒரு இரண்டு முள் பிளக். மூன்றாவது கம்பிக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அந்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு நேர்த்தி. மூலைகளில் சட்டத்தைச் சாய்வாக அறுத்துப் பொருத்திய இடங்களில் இன்றைக்கும் நகம் நுழையாது. ஆனால் அண்ணன் ஒயரை மெல்ல வளைத்தார், ரப்பர் உறை அப்பளமாக நொறுங்கி உதிர்ந்தது. உள்ளே செம்பு வெறுமையாக நின்றது.

எண்பதுகளில் இரண்டாவது அடுக்கு. பிளாஸ்டிக் கேசிங், அதற்குள் அலுமினிய ஒயர். அப்போது செம்புக்குப் பதிலாக அலுமினியம் பல வீடுகளில் புழங்கியது. அலுமினியம் கெட்ட உலோகம் அல்ல, மின்வாரியத்தின் தெருக் கம்பிகளே அதுதான். ஆனால் வீட்டுக்குள், சின்ன ஸ்குரூவுக்கு அடியில், அது அழுத்தத்தில் நசுங்கி மெல்ல இளகும். காற்றுப் பட்ட இடத்தில் மின்சாரம் கடத்தாத ஒரு படலம் படியும். அதைச் செம்போடு வெறுமனே முறுக்கிவிட்டால் இணைப்பு நாள்போக்கில் அரித்துத் தளரும், தளர்ந்தால் சூடேறும், சூடேறினால் இன்னும் தளரும். மூன்றாவது அடுக்கு டிவியும் மிக்ஸியும் வந்தபோது அவசரத்துக்கு ஆணியடித்து இழுத்த ஒற்றை ஒயர்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள், ரேழியின் மச்சுப் பலகையை ஒன்று பெயர்த்துப் பார்த்தபோது அது கிடைத்தது. பழைய செம்பும் எண்பதுகளின் அலுமினியமும் முறுக்கி, துணி டேப் சுற்றிய இணைப்பு. டேப் கரிந்து பொடியாகியிருந்தது. அதை ஒட்டிய பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. தொண்ணூறு வருடத் தேக்கு என்பதால் கரிந்ததோடு நின்றதோ என்னவோ. அம்மா அதன் நேர் கீழேதான் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார்.

அதன்பிறகு ‘பிளக்கை மட்டும்’ என்ற பேச்சு இல்லை.

புது ஒயரை எந்த வழியில் கொண்டுபோவது என்பதற்கு இரண்டு நாள் யோசித்தோம். காங்கிரீட் வீடென்றால் சுவரில் காடி வெட்டி, பைப்பைப் புதைத்து, பூசிவிடலாம். எங்கள் சுவர் ஒன்றரை அடி கனம், சின்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. சுத்தியலும் உளியும் வைத்து அடித்தால் காடி விழும் இடத்தில் மட்டும் உடையாது, பக்கத்துக் காரை பாளம் பாளமாகக் கழன்று விழும். கட்டரால் இரண்டு கோடு அறுத்துக்கொண்டு, நடுவே உள்ளதை மட்டும் சின்ன உளியால் எடுக்க வேண்டும். குறுக்குவாட்டில் காடி வெட்டவே கூடாது. மேலிருந்து இறங்கும் பாரத்தைச் சுவர் தாங்கும் கனத்தை அது நீளத்துக்குக் குறைத்துவிடும். உத்திரம் வந்து உட்காரும் இடத்துக்குக் கீழேயும் கை வைக்கக் கூடாது. சாய்வாகவும் கூடாது, அதற்குக் காரணம் வேறு: பிளக்குக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோதான் ஒயர் ஓடுகிறது என்று தெரிந்தால், நாளைக்குப் படம் மாட்ட ஆணியடிப்பவர் பிழைத்துக்கொள்வார்.

கடைசியில் கூடத்துச் சுவரில் வெட்டே இல்லை என்று முடிவுசெய்தோம். பைப் எல்லாம் சுவரின் தலைப்பில், மச்சுக்கு மேல் ஓடும். எலியும் அணிலும் கடிக்காதபடி ஒயர் எங்கேயும் பைப்புக்கு வெளியே தலைகாட்டாது. பாயின்ட் வேண்டிய இடத்தில் மட்டும் நிலைக்கு ஒட்டி நேராக இறங்கும். சமையலறையில் இரண்டே இடத்தில் காடி. நீலம் தோய்த்த நூலைச் சுண்டி அண்ணன் கோடு போட்டார், ஒரு நூல் பிசகவில்லை. காடியை மூடச் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பே வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். நடுவில் சிமென்ட் பட்டை போட்டால் ஈரம் அதன் ஓரங்களில் ஒதுங்கி, இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பிளக்கும். காய ஒரு வாரம் கூடுதலாகப் பிடித்தது.

எர்த்துக்குக் கிணற்றடி வேண்டாம் என்றார். குழியில் உப்புப் போடுவார்கள், குடிக்கிற தண்ணீர் பக்கத்தில் ஆகாது. பழைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தோண்டினோம். ஐந்தடியிலேயே ஈரக் களிமண் வந்தது. இரண்டரை மீட்டர் கால்வனைஸ்டு பைப்பை நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி மூடினார். பைப்பின் வாயில் ஒரு புனல், கோடையில் தண்ணீர் ஊற்ற. அங்கிருந்து வந்த கம்பி மெயின் போர்டுக்கும், போர்டிலிருந்து பச்சை ஒயராக ஒவ்வொரு பிளக்கின் மூன்றாவது துளைக்கும் போனது. அளந்து பார்த்தபோது நான்கு ஓமுக்குச் சற்று மேல். காவிரி வண்டல் செய்த உதவி அது.

ஒயர் அளவில் நான் தலையிடவில்லை. விளக்குக்கு ஒன்றரை, 16 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரை, வெந்நீர் ஹீட்டருக்கு நான்கு சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு முன்னால் உள்ளதில் அவரும் கை வைக்கவில்லை, அது ஈ.பி.காரர் வந்து செய்ய வேண்டியது. பீங்கான் பியூஸ் கேரியர்களை எடுத்தபோது ஒன்றில் ஐந்தாறு இழைக் கம்பி சேர்த்துச் சுற்றியிருந்தது. அடிக்கடி போகிறதே என்று யாரோ போகவே முடியாதபடி செய்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் மெயின் போட்டோம். விளக்குகளுக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ஒன்று என்று இரண்டு ஆர்சிசிபி வைத்திருந்தார். ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும், ஆனால் அங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது மனித உடம்பாக இருக்கும். எர்த் இருந்தால் ஆள் தொடும்முன்பே அணையும். இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

எல்லா விளக்கும் எரிந்தன. குளியலறை சுவிட்சைப் போட்டேன், இரண்டு ஆர்சிசிபியும் விழுந்தன. ஏற்றினோம், மறுபடி போட்டோம், விழுந்தன. புது சாமான் கோளாறு என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தார். “யாரோ நியூட்ரல் கடன் வாங்கியிருக்காங்க தம்பி.” குளியலறையின் பழைய ஒயரை மட்டும், நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டிருந்தோம். அதில் ஃபேஸ் விளக்கு வரிசையிலிருந்தும், நியூட்ரல் பக்கத்துப் பிளக்கிலிருந்தும் எடுத்திருந்தார்கள். ஒரு 40 வாட் குண்டு பல்பு இழுப்பது சுமார் 170 மில்லிஆம்பியர். அவ்வளவும் ஒரு கருவி வழியாகப் போய் இன்னொன்று வழியாகத் திரும்பினால் இரண்டும் கணக்குத் தப்பியதாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒயரையும் உருவினோம்.

பிளக்கின் உயரத்துக்கு மட்டும் நான் அம்மாவைக் கேட்டேன். பழைய போர்டுகள் ஐந்தடியில், இப்போதைய வீடுகளில் பிளக் தரையிலிருந்து ஓரடியில். “குனியாம இருக்கணும், எட்டாம இருக்கக் கூடாது” என்றார். இடுப்பு உயரத்தில் வைத்தோம். பேரக்குழந்தைகள் கை எட்டும் உயரம்தான், ஆகவே துளையை மூடும் ஷட்டர் உள்ளதாகவே வாங்கினேன்.

அம்மா இன்னும் மணை மேல் ஏறித்தான் ஃபிரிட்ஜைத் திறக்கிறார். எடுத்து வைத்தால் திரும்பக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார். கேட்டால், “கெடக்கட்டும், தரை சில்லுங்குது” என்கிறார்.

காடிகளை மூடுமுன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்தேன். அண்ணன் தன் பங்குக்கு மெயின் போர்டுக் கதவின் உட்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, எந்த எம்சிபி எந்த அறைக்கு, பைப் எந்த மூலையில் இறங்குகிறது என்று பென்சிலில் வரைந்து தேதி போட்டார். மாடி அறைக்கான கட்டத்தில் மட்டும் பெருக்கல் குறி. அங்கே அலுமினிய ஒயர் அப்படியே இருக்கிறது. இணைப்பைத் துண்டித்து முனைகளை மூடிவைத்திருக்கிறோம். தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மாடிக்கு டார்ச்தான்.

(அடுத்த வாரம்: கிணறு)