ஓயாத மரபணு ஓய்ந்தால்...

ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில், பிறந்த குழந்தைக்கு வீட்டில் பத்திரப்படுத்தி வைத்த துணிகளை உடுத்தும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்தத் துணிகளுக்கிடையே 'உபாட் கெகாட்' எனும் பாச்சை உருண்டை போடப்பட்டிருந்தால், சில குழந்தைகளுக்கு அதுவே ஆபத்தாக முடியும். அவர்களின் உடலில் ஓயாமல் உழைக்க வேண்டிய ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதே காரணம்.

வீட்டைப் பராமரிக்கும் மரபணுக்கள்

மனிதனுக்குப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 உள்ளன. இவை எல்லாம் எல்லா உறுப்புகளிலும் வேலை செய்வதில்லை. இன்சுலினுக்கான மரபணு கணையத்தில் விழித்திருக்கும், தோலில் உறங்கும். ஆனால், சத்தை எரித்துச் சக்தியாக்குவது, கழிவை நீக்குவது, சேதத்தைச் சரிசெய்வது போன்ற அன்றாடப் பணிகளுக்கான மரபணுக்கள் எல்லா உயிரணுக்களிலும் இரவு பகலாக இயங்குகின்றன. விருந்துக்கு மட்டும் வரும் சமையல்காரர் வேறு. தினமும் அடுப்பு மூட்டி, வீடு பெருக்கும் தாய் வேறு அல்லவா? இந்தத் தாயைப் போன்றவையே 'பராமரிப்பு மரபணுக்கள்'. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இவற்றைச் சுமார் 3,800 எனக் கணக்கிட்டது.

அவற்றுள் ஒன்றுதான் ஜி6பிடி. இது உருவாக்கும் நொதி, ஆக்சிஜனால் விளையும் சிதைவிலிருந்து உயிரணுவைக் காக்கிறது. மற்ற உயிரணுக்கள் தேவைப்படும்போது இந்நொதியைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவுக்கோ உட்கருவே கிடையாது. முன்பே கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்துத்தான் 120 நாள் வாழ வேண்டும். மரபணுவில் குறை இருந்தால் அந்தச் சோறு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

அந்நிலையில் பாச்சை உருண்டையின் நெடியோ, 'காச்சாங் பாராங்' அவரையோ, சில மருந்துகளோ சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடையும். அதனால் பெருகும் பிலிரூபின் எனும் மஞ்சள் நிறப் பொருளைப் பச்சிளங்குழந்தையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது. மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கினால், கேட்கும் திறன் போகலாம், கைகால் இயக்கம் பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம்.

மலேரியா தந்த பாடம்

இக்குறை வெளிப்பட்டதற்கு மலேரியா மருந்தே காரணம். பிரிமாகுயின் உட்கொண்ட சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைவதேன் என்று ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், 1956இல் இந்நொதிக் குறைவைக் கண்டறிந்தனர். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது உண்டு. மலேரியா மலிந்திருந்த நாடுகளிலேயே இது அதிகம். கடும் மலேரியாவிலிருந்து இக்குறை ஓரளவு காப்பதே அதற்குக் காரணம் என்பது அறிவியலாளர் கருத்து. ஒரு காலத்தில் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் எத்தனையோ தொழிலாளர்களைப் பலிகொண்டதும் இதே மலேரியாதான்.

இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், தாய்வழியாக ஆண் பிள்ளைகளையே அதிகம் தாக்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் வரலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது. அதன் முடிவைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். குறை இருந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். பாச்சை உருண்டையை வீட்டிலிருந்தே அகற்ற வேண்டும். தாய்ப்பாலூட்டும் அன்னையும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தோ மூலிகையோ உட்கொள்ளக்கூடாது.

குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தால், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருப்பது தவறு. உடனே கிளினிக்கிற்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சளித்தால் அது அவசர நிலை. உரிய நேரத்தில் ஒளி சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் நலமடைகின்றனர். தவிர்க்க வேண்டியதைத் தவிர்த்தால், இக்குறையோடு பிறந்தவர்களும் மற்றவர்களைப் போலவே படித்து, வேலை பார்த்து, நீண்ட நாள் வாழலாம்.