எந்த மெஷின் வாங்கலாம்?

"நீதான மாப்ள படிக்கிற, வீட்டுக்கு எந்த எஸ்பிரஸோ மெஷின் வாங்கலாம், சொல்லு" என்றார் சேத்தூர் மாமா. குடும்பத்தில் முதன்முதலாய்ப் படிக்க வந்தவன் நான். தப்பாகச் சொன்னால் அவர் காசு போயிரும்!

கல்யாண வீட்டில் 'புஸ்'ஸென்று நுரை கிளப்பும் மெஷின் பாலை நீராவியால் சூடாக்குகிறது, அவ்வளவுதான். அசல் எஸ்பிரஸோவுக்கு, 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 விநாடி காபித்தூள் வழியே செலுத்தணும். பம்பு இல்லாத ஆவி மெஷினில் அந்த அழுத்தம் வராது. பெட்டியில் போட்டிருக்கும் '15 பார்' பம்பின் உச்சத்திறன் மட்டுமே, மயங்காதீர்!

விசாரித்தால், மாமா குடிப்பது பால் காபி. "பித்தளை ஃபில்டரே போதும் மாமா, புவியீர்ப்புதான் அதுக்குப் பம்பு" என்றேன். காசு மிச்சம்!